முன்கூட்டியே சொன்ன நன்றிகள்

லிந்துலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரியும் சந்தியில், ஒருநாள் காலை ஒரு பதாகை ஏறியது. தோட்டத்தின் மகளை ஐரோப்பிய நாடொன்றுக்குத் தூதுவராக அனுப்பிவைத்த மாண்புமிகு பாராளுமன்ற உறுப்பினருக்குத் தோட்ட மக்களின் கோடானுகோடி நன்றிகள் என்று அதில் எழுதியிருந்தது. தகவலில் இரண்டு பிழைகள். அவள் இன்னும் தூதுவராகவில்லை. அந்த எம்.பி.க்கும் அந்தப் பதவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மற்றபடி பதாகை நன்றாகவே இருந்தது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. எம்.பி.யின் முகம் ஒரு கொழுந்துக் கூடை அளவு. அவளுடைய முகம் கீழ் மூலையில் தேங்காய் அளவு. அதை அவளுடைய தம்பியின் கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றவரை அகற்றிவிட்டார்கள், ஆனால் அவருடைய கை அவள் தோளிலேயே தங்கிவிட்டது.

அவளும் நானும் ஒரே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள். தலவாக்கலையில் ஒரே வகுப்பில் படித்தோம். அவள் பல்கலைக்கழகம் போனாள், போட்டிப் பரீட்சை எழுதி வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தாள். நான் கொழும்பில் ஒரு நாளிதழில் சேர்ந்து, பல வருடம் அங்கே இருந்துவிட்டு, இப்போது அதே நாளிதழுக்கு ஹட்டனிலிருந்து செய்தி அனுப்புகிறேன். தோட்டத்தில் என் வேலையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவளுடைய வேலை என்ன என்பது யாருக்கும் சரியாகப் புரியாது, அதனால் எல்லோரும் பேசுவார்கள்.

ஒரு நாட்டுக்குத் தூதுவரை அனுப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. சேவையில் படிப்படியாக ஏறி வந்த ஒருவரை அனுப்பலாம். அல்லது யாரோ ஒருவருக்கு வேண்டியவரை அனுப்பலாம். அவள் பெயர் முன்பு இரண்டு தடவை மேலே போய், இரண்டு தடவையும் இறங்கி வந்திருந்தது. முதல் தடவை அந்த இடம் ஓர் அரசியல்வாதியின் மைத்துனருக்குப் போனது. அவர் பல் வைத்தியர். இரண்டாவது தடவை யாரும் காரணம் சொல்லவில்லை. ஒரு விருந்தில் மட்டும் ஒரு பெரிய மனிதர் அவளிடமே மிகுந்த அன்போடு, "அந்த மாதிரித் தலைநகருக்குக் கொஞ்சம் குடும்பப் பின்னணி தேவைப்படும், இல்லையா?" என்று கேட்டாராம். அவளுடைய குடும்பப் பின்னணி என்பது தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவும், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவும்.

சேவையில் சேர்ந்த புதிதில் அவள் வேலை பார்த்த ஒரு தூதரகத்தில், அரசியல் வழியாக வந்த தூதுவரின் மனைவி அவளை விருந்து மண்டபத்துக்குக் கூப்பிட்டு, பரிமாறப் போகும் தேநீரை ருசி பார்க்கச் சொன்னாராம். "தோட்டத்தில் பிறந்தவள் அல்லவா, நல்ல தேயிலை உனக்குத் தெரியும்." நல்ல தேயிலை முழுவதும் கப்பலேறிவிடும், எங்கள் லயத்துக்கு வந்தது தூள்தான், அந்த விருந்தில்தான் முதன்முதலாக நல்ல தேநீரைக் குடிக்கிறேன் என்று அவள் சொன்னாள். அந்த அம்மையார் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு விருந்தினர் எல்லோரிடமும் சொன்னாராம். அவளும் அதை நகைச்சுவையாகத்தான் என்னிடம் சொன்னாள்.

இப்போது அவள் பெயர் மூன்றாவது தடவையாக மேலே போயிருந்தது. இந்த முறையும் இறங்கினால், நாலாவது தடவைக்கு முன்னால் ஓய்வுபெறும் வயது வந்துவிடும். பெயர் ஒரு பாராளுமன்றக் குழுவுக்குப் போகும். பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். குழு அவளைக் கூப்பிட்டு விசாரித்து முடிவு செய்யும். அந்த இடைவெளியில்தான் பதாகை ஏறியது.

நான் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் கொழும்பிலிருந்து கூப்பிட்டாள்.

"டேய், சந்தியில என்னடா கட்டியிருக்காங்க?"

"இப்பதான் பார்க்குறேன். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பேஸ்புக்ல ஏறி, ஆபீஸ் முழுக்கச் சுத்தி, கடைசியா எனக்கு வந்திருக்கு. பக்கத்து ரூம்காரரு வந்து வாழ்த்துச் சொல்றாரு. 'பரவாயில்லையே, ஒங்களுக்கும் ஆள் இருக்காங்களே'ன்னு சொல்றாரு. அரசியல்வாதிங்க ஆளப் போடக்கூடாதுன்னு முப்பது வருசமா கூட்டத்துக்குக் கூட்டம் கத்துனவ நான்."

"வெளங்குது."

"அந்தக் கை யாரோடது?"

"எந்தக் கை?"

"என் தோள்ல இருக்க கை."

"ஒங்க சித்தப்பாவாத்தான் இருக்கும்."

"அவரையும் தேடி வந்து எந்தக் கட்சின்னு கேப்பாங்க. போய் எறக்கச் சொல்லுடா."

அவளுடைய தம்பி அந்தச் சந்தியிலேயே சில்லறைக் கடை வைத்திருக்கிறான். பதாகையின் ஒரு கயிறு அவன் கடைத் தூணில்தான் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் பிளேன்டீயோடு வந்தான். முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

"எப்படி அண்ணே? பெருசா இருக்குல்ல?"

"பெருசாத்தான் இருக்கு. யாருகிட்ட சொன்ன நீ?"

"தலைவர்கிட்டதான். அக்கா போன்ல சொன்னுச்சு, மாரியம்மன் திருவிழாவுக்கு வர முடியாமப் போகலாம், வெளிநாடு போற மாதிரி இருக்குன்னு. தலைவர்கிட்ட சொல்லாம எப்படி அண்ணே? கூரைத் தகரம் வந்தாலே சொல்றோம்."

இதை வெளியூர் வாசகருக்கு விளக்க வேண்டும். தோட்டத்தில் எதுவும் தானாக வராது என்பது எங்கள் அனுபவம். தகரம், மின்கம்பம், பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் எல்லாமே தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வழியாக மேலே போய், சங்கத்தையும் அதன் கட்சியையும் நடத்தும் எம்.பி. வழியாகக் கீழே வரும். வந்ததும் பதாகை கட்டி நன்றி சொல்வோம். அனுபவம் கூடக் கூட மக்கள் இதில் ஒரு திருத்தம் செய்துகொண்டார்கள். வருவதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவது. நன்றியை வாங்கிக்கொண்ட பிறகு, அதுவும் ரோட்டில் போகிற எல்லோரும் பார்க்க வாங்கிக்கொண்ட பிறகு, இல்லை என்று சொல்ல எந்த எம்.பி.க்கும் மனம் வராது.

தலைவர் கடைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கியவர், காதை மூடிய கம்பளித் தொப்பி. நான் விஷயத்தைச் சொன்னேன். இது அவளுக்கு உதவாது, கெடுத்துவிடும் என்றேன்.

"போன வருசம் தண்ணி டேங்குக்கு என்ன தம்பி செஞ்சோம்?" என்று கேட்டார்.

"பேனர் கட்டினீங்க."

"டேங்கு வந்திருந்துச்சா?"

"இல்ல."

"ஐயா ரோட்டுல போறப்ப பார்த்தாரு. பொறகு டேங்கு வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு."

"அப்ப?"

"டேங்கு வேற, தூதுவர் வேற தலைவரே. இதுல ஐயா தலையிட்டாருன்னு ஆயிட்டா அவ பேரு கெட்டுடும்."

"அவ பேரு கெடாம இருந்தப்பதான் ரெண்டு தடவையும் அடிச்சு விழுத்துனாங்க. ஏன் விழுத்துனாங்க? கேக்க ஆள் இல்ல. தோட்டத்துப் புள்ளதானேன்னு நெனச்சாங்க. பல்லு புடுங்குறவன் போறான், நம்ம புள்ள போகக்கூடாதா?"

இறக்கிவிடலாமே என்று இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவர் முதன்முறையாகக் கலவரப்பட்டார்.

"எறக்குறதா? ஐயா மூஞ்சி இருக்கு தம்பி. கட்டாம இருந்திருந்தாப் பரவாயில்ல. கட்டிட்டு எறக்குனா அதுக்கு வேற அர்த்தம்."

அதுவும் உண்மைதான். நான் அவளைக் கூப்பிட்டு, இறங்காது என்று சொன்னேன். அவள் உடனே போனை வைத்துவிட்டாள்.

அதற்குள் ஆட்சேபம் போய்விட்டிருந்தது. அந்த நாட்டின் மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்த ஒரு தொழிலதிபர் கொழும்பில் இருந்தார். ஒரு முக்கியப் புள்ளிக்குச் சம்பந்தி. அவர் சார்பில் யாரோ, பதாகையின் படத்தோடு குழுவுக்கு எழுதியிருந்தார்கள். அரசியல் சிபாரிசில் வரும் தூதுவர்களால் நாட்டின் மதிப்புக் கெடுகிறது என்பது வாதம். "வாசகம் நல்லாத்தான்டா இருக்கு. நான் பத்து வருசத்துக்கு முந்தி எழுதுன மாதிரியே இருக்கு," என்று அவள் பிறகு சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கும் நிலையில் இல்லை.

மறுநாள் நான் மீண்டும் சந்திக்குப் போனபோது இரண்டாவது பதாகை ஏறியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் இன்னொரு சங்கமும் உண்டு. அதற்கும் ஒரு தலைவர், மேலே ஓர் எம்.பி. முதல் சங்கம் தண்ணீர்க் குழாய்க்கு நன்றி வாங்கினால், இந்தச் சங்கம் குழாய்க்குள் வரும் தண்ணீருக்கு வாங்கும். தோட்டத்தின் மகள் தூதுவரானது தங்கள் எம்.பி. பாராளுமன்றத்தில் ஓங்கி எழுப்பிய குரலின் பலன் என்று அது நீல நிறத்தில் அறிவித்தது. இதில் அவள் படம் பேஸ்புக்கிலிருந்து எடுத்தது. யாரோ ஒரு வெளிநாட்டு அமைச்சரோடு அவள் கைகுலுக்கும் படம். அந்த அமைச்சர் இருந்த இடத்தில் இப்போது இவர்களுடைய எம்.பி. இருந்தார். கைகள் சரியாகச் சேரவில்லை.

மத்தியானம் ஆளும் கட்சியின் பிரதேச அமைப்பாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அந்தக் கட்சி எம்.பி.க்கு நன்றி சொல்லும் மூன்றாவது பதாகை ஏறியது. ஜனாதிபதி கையெழுத்திட்டு அனுப்புகிற ஒருவருக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் நன்றி வாங்குவதை அவர்களால் எப்படித் தாங்க முடியும்? அதில் அவளுடைய படமே இல்லை. இடம் போதவில்லை என்றார்கள்.

நான் அவளைக் கூப்பிட்டேன்.

"இன்னும் ரெண்டு ஏறியிருக்கு."

"என்ன ரெண்டு?"

சொன்னேன். நிறமும் வாசகமும் உட்பட. நீலப் பதாகையில் அவள் கைகுலுக்கும் ஆள் மாறியிருப்பதைச் சொன்னபோது அந்தப் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு கட்சியுமா?"

"மூணுந்தான்."

"மூணு கட்சிக்கும் அந்தக் குழுவுல ஆள் இருக்குடா." குரலே மாறிவிட்டது. அலுவலகக் குரல். "ஒருத்தரு மட்டும் நன்றி வாங்குனா அது சிபாரிசு. மூணு பேரும் வாங்குனா அது திருவிழா. எதையும் எறக்கச் சொல்லாதே. யாராவது இன்னும் கட்டணும்னு ஆசப்பட்டாக் கட்டட்டும். நீ போய் எல்லாத்தையும் ஒரே படத்துல எடு. ஒண்ணு தப்பினாலும் பிரயோசனம் இல்ல."

நான் தம்பியிடம் போய், இனி யாரும் எதையும் இறக்க வேண்டாம், ஆசைப்படுபவர்கள் இன்னும் கட்டலாம் என்றேன். அவன் இரண்டு நாளாக அக்காவின் போனை எடுக்கப் பயந்து கடைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தவன். "அக்காவே சொன்னுச்சா?" என்று மூன்று முறை கேட்டான். அடுத்த நாள் காலையில், கோயில் கமிட்டியின் பேரில், அவன் செலவில் நாலாவது ஏறியது. தூதுவர் பதவியைத் தந்தருளிய அன்னை மாரியம்மனுக்கு. அம்மன் முகம் எந்த எம்.பி.யின் முகத்தையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லியே வாங்கியிருந்தான். அதற்கு எதிராக எந்தச் சங்கமும் வாய் திறக்கவில்லை.

நாலையும் ஒரே படத்தில் எடுப்பது லேசான காரியமல்ல. சந்தி ஒரு வளைவில் இருக்கிறது. கீழிருந்து எடுத்தால் அம்மன் கடைக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். மேட்டிலிருந்து எடுத்தால் ஆளும் கட்சி விழாது. கடைசியில் கொழுந்து லொறி ஒன்றை நிறுத்தி, அதன் கூரையில் ஏறிப் பனி விலகக் காத்திருந்தேன். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள இளைஞன் ஒருவன்தான் அந்த லொறியை ஓட்டிவந்தான். ஜன்னலால் தலையை நீட்டிச் சிங்களத்தில் கேட்டான்.

"மாத்தயா, என்ன இது? எலெக்ஷனா?"

"இல்லை. இந்தத் தோட்டத்து அம்மா ஒருவர் தூதுவராகப் போகிறார்."

அவன் நாலு பதாகைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"அப்படியென்றால் ஏன் அவர் படம் மட்டும் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?"

அந்தக் கேள்வியை அப்படியே படத்தின் கீழ் போட்டிருக்கலாம். போடவில்லை. ஆசிரியருக்குப் படத்தை அனுப்பி, அவள் என் வகுப்புத் தோழி என்பதையும் சொன்னேன். "இதில் செய்தி என்ன?" என்று கேட்டார். மூன்று கட்சிகளும் ஒரு தெய்வமும் சேர்ந்து ஒருவருக்குப் பதவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு இன்னும் பதவி கிடைக்கவில்லை, இதுதான் செய்தி என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "படம் மட்டும் போதும். நியமனம் இன்னும் உறுதியாகவில்லை என்று ஒரு வரி. வேறு எதுவும் வேண்டாம்." மறுநாள் முதல் பக்கத்தின் கீழ்ப் பாதியில் வந்தது. ஒரு சிங்களப் பத்திரிகையும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் எடுத்துப் போட்டன.

குழுவின் முன்னால் நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

தலைமை தாங்கியவர் ஆட்சேபத்தை வாசித்தார். பிறகு முன்னால் இருந்த பத்திரிகையைத் தூக்கிக் காட்டி, "இதில் எவருடைய சிபாரிசில் வந்தீர்கள்?" என்று கேட்டார். மேசையைச் சுற்றிலும் ஓர் அசைவு. முதல் கட்சிக்காரர் அது சிபாரிசு என்று சொன்னால் தன் எம்.பி.யைக் குற்றம் சொன்னதாகும். இல்லை என்று சொன்னால் தன் எம்.பி.யைப் பொய்யர் என்றதாகும். மற்ற இரண்டு கட்சிக்காரர்களின் பாடும் அதேதான். மூவரும் கோப்புகளைப் புரட்டத் தொடங்கினார்கள்.

"நான் பரீட்சை எழுதிச் சேவையில் சேர்ந்தபோது இவர்களில் மூன்று பேர் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை," என்றாளாம். "நாலாமவர் அப்போதும் இருந்தார். அவரைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை."

சிரித்தார்கள். ஏன் இப்படி நன்றி சொன்னார்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். "எங்கள் தோட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் இருந்து எதுவும் கிடைத்த அனுபவம் அவர்களுக்கு இல்லை," என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லையாம்.

பிறகு ஒரு மூத்த உறுப்பினர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். அவளுடைய மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அல்லவா, வெளிநாட்டில் இந்த நாட்டை முழு மனதோடு பிரதிநிதித்துவப்படுத்த அது தடையாக இருக்காதா? கேள்வி மரியாதையாகத்தான் கேட்கப்பட்டது. அவளிடம் எல்லா இடங்களிலும் அதை மரியாதையான குரலில்தான் கேட்டிருக்கிறார்கள்.

"நான் பிறந்தபோது எனக்கு எந்த நாடும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதுதான் எங்கள் குடும்பத்துக்குக் குடியுரிமை கிடைத்தது. உங்களுக்கு இந்த நாடு நீங்கள் பிறந்த அன்றே கிடைத்தது. நான் காத்திருந்து வாங்கினேன். நான் சுலபமாகக் கைவிடுவேன் என்று நினைக்கிறீர்களா?"

அவர், அப்படி நினைக்கவில்லை என்று சொன்னாராம். அந்த நாட்டின் குளிரைத் தாங்குவீர்களா என்று வேறு கேட்டாராம், சூழலை இலகுவாக்க. மலைக்குளிருக்குப் பேர்போன நுவரெலியா மாவட்டத்தில் பிறந்தவளிடம்.

அவள் பெயர் இந்த முறை இறங்கவில்லை. ஆட்சேபம் தெரிவித்த தொழிலதிபருக்குச் சில மாதங்களில் வேறொரு நாடு கிடைத்தது. வெயில் நாடு, நல்ல கடற்கரை. அதற்கு எங்கும் பதாகை ஏறவில்லை. அந்த வகைக்குப் பதாகை தேவைப்படுவதில்லை.

புறப்படுவதற்கு முன் அவள் தோட்டத்துக்கு வந்தாள். சந்தியில் இரண்டு தலைவர்களும் அமைப்பாளரும் மாலைகளோடு நின்றார்கள். யார் முதலில் போடுவது என்று ஒரு முறுகல் தொடங்கிக்கொண்டிருந்தது. அவள் காரிலிருந்து இறங்கி, நிலைமையை ஒரு தடவை பார்த்தாள். ஒரு தலைநகரில் எந்தத் தூதுவர் முன்னால் நிற்பது என்பதை நாட்டின் பெருமையை வைத்துத் தீர்மானிப்பதில்லை, அங்கே யார் முதலில் வந்து சேர்ந்தார் என்பதை வைத்துத்தான் என்று விளக்கினாள். "யாரு பேனரு மொதல்ல ஏறுச்சு?" கம்பளித் தொப்பித் தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். மற்றவர்கள் வரிசையாக நின்றார்கள். உலக வழக்கம் என்பதால் யாருக்கும் மனக்குறை இல்லை.

"பார்த்தியா புள்ள," என்றார் தலைவர் மாலையைப் போட்டுவிட்டு. "நான் கட்டுனது வேல செஞ்சுச்சா, இல்லியா?"

"செஞ்சுச்சுங்க தலைவரே," என்றாள் அவள். அதில் பொய்யில்லை.

லயத்துக்கு இறங்கும் படியில்தான் பதாகைகள் எங்கே என்று கேட்டாள். சந்தி வெறுமையாக இருந்தது. நல்ல தடித்த பிளாஸ்டிக் துணி, தோட்டத்தில் அதை யாரும் எறிவதில்லை, மழைக்காலம் தொடங்கியதும் அவிழ்த்துப் பங்கு போட்டுவிட்டோம் என்றான் தம்பி. நீலம், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தின் ஒழுகும் கூரைக்கு. ஆளும் கட்சி, ஆட்டுக் கொட்டிலுக்கு. அம்மனை மட்டும் மடித்துக் கோயிலில் வைத்திருக்கிறார்கள்.

"அந்த மஞ்சள்?"

அவன் கையைக் காட்டினான். அவர்களுடைய லயத்துக் காம்பரா வீட்டின் பக்கத்தில், அம்மா அடுக்கி வைத்திருந்த விறகின் மேல் எம்.பி. அண்ணாந்து படுத்திருந்தார். அவர் முகத்தில் விழுந்த மழை இரண்டு பக்கமும் ஒழுங்காக வழிந்து போய்க்கொண்டிருந்தது. அவள் குனிந்து, துணியின் ஓரத்தைத் தூக்கி, கீழே இருந்த ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நனையலடா," என்றாள் என்னிடம். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "ஐயாவுக்கு நன்றி சொல்லி ஒரு பேனர் கட்டிடு."